கஸ்தூரிக்கு வாங்கிய கால்

1

போன சனிக்கிழமையோடு எங்கள் 'ஒட்டுத்துணி' வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று வயது முடிந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, ஐயப்பன்தாங்கல் என்று சென்னைக்கு மேற்கே சிதறிக் கிடக்கிற இருபத்தெட்டுப் பெண்களும், கனடாவில் ஹாமில்டன் என்கிற ஊரில் இருக்கிற நானும் அதில் இருக்கிறோம். எல்லோரும் காலையிலேயே பூவும் கேக்கும் கூப்பிய கையுமாக அனுப்பித் தள்ளிவிட்டார்கள். கடைசியாக வாழ்த்துச் சொன்னவள் நான். குழுவைத் தொடங்கியவளும் நான்தான்.

வாழ்த்தில் பாதி எனக்கு வந்திருக்க வேண்டும். ஒருத்தி கூட என் பெயரைச் சொல்லவில்லை. 'கஸ்தூரிக்கா இல்லேன்னா இந்த குரூப்பே இல்ல' என்று பட்டாபிராமிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அதற்குப் பதினேழு இதயம் விழுந்திருந்தது. எண்ணினேன். எண்ணினேன் என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்தக் குறிப்புகளை எழுத முடியும்.

அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து அடிவயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். யார் இப்படிச் செய்வாள் என்று தோன்றும். ஐம்பத்து நான்கு வயதில், பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி உட்கார்ந்துகொண்டு, நான் செய்தேன். குழவிக்குப் பதிலாக இருநூறு கிராம் எடையுள்ள ஒரு சின்ன அட்டைப்பெட்டி.

2

குவில்ட் என்றால் தெரியாதவர்களுக்கு: துண்டுத் துணிகளை வெட்டி, சேர்த்துத் தைத்து ஒரு மேல்துணி செய்வோம். நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் ஒன்றாகப் போட்டு நெடுக்கும் குறுக்கும் தைத்தால் போர்வை. 'கனடாவுக்குப் போயும் ஒட்டுப்போட்ட போர்வைதானா உனக்கு' என்று என் சித்தி ஒருமுறை கேட்டாள். அவளுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தேன். இன்றுவரை பீரோவை விட்டு வெளியே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் நூலகத்தின் அடித்தளத்தில் ஒன்பது பேர் கூடுவோம். தலைக்குச் சாயம் அடிக்கிறவள் நான் ஒருத்திதான். துணி வெட்டுவதற்கு பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி ஒரு வட்டக் கத்தி உண்டு. அதைக் கொண்டு வருவதற்கு வருடா வருடம் ஒரு படிவம். என் விரலை நானே வெட்டிக்கொண்டால் நூலகம் பொறுப்பல்ல என்று கையெழுத்துப் போட வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்குத் தனிப் படிவம். யாருக்காவது வேர்க்கடலை ஒவ்வாது என்றால் அதற்கு ஒன்று. முதல் வருடம் தையலைவிடக் கையெழுத்துதான் அதிகம் போட்டேன்.

ஒவ்வொருவர் அளவுகோலிலும் கத்தியிலும் பெயர் ஒட்டியிருக்கும். அது தெரியாமல் முதல் வாரமே மார்ஜரியின் அளவுகோலை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டேன். எழுபத்தெட்டு வயதான மார்ஜரிதான் எங்களுக்குத் தலைவி மாதிரி. 'தாராளமாக' என்றாள். முகம் மட்டும் தாராளமாக இல்லை. அடுத்த வாரம் என் பெயர் எழுதின ஒட்டுத்தாள் ஒரு சுருள் கொண்டுவந்து கொடுத்தாள்.

அங்கே யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள். மாதத்துக்கு ஒரு செவ்வாய் அவரவர் முடித்ததைத் தூக்கிக் காட்டுவோம். பிடித்திருந்தால் மூச்சை உள்ளே இழுப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் 'இன்ட்ரஸ்டிங்' என்பார்கள். அது பாராட்டு இல்லை என்று எனக்கு விளங்க இரண்டு வருடம் ஆனது. அதுவரை வீட்டுக்கு வந்து, இன்றைக்கும் இன்ட்ரஸ்டிங் வாங்கினேன் என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று. மற்ற எட்டுப் பேரில் யார் மேலும் எனக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. மார்ஜரி தைப்பதைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவள் அறுபது வருடமாகத் தைக்கிறாள், தைக்கட்டும். நாம் சொல்லிக்கொடுத்தவள் நம்மைத் தாண்டிப் போகும்போதுதான் வயிறு எரிகிறது.

3

கஸ்தூரியும் நானும் ஆவடியில் ஒரே குவார்ட்டர்ஸ். இரண்டு அப்பாக்களும் ஒரே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கு ஒரே சங்குக்குக் கிளம்பிப் போவார்கள். என் அப்பா பாளையங்கோட்டைக்காரர், அவள் அப்பா வேலூர்ப் பக்கம். ஆறாம் வகுப்புக் கைவேலை வகுப்பில் கைக்குட்டைக்கு ஓரம் மடித்துத் தைக்கச் சொன்னார்கள். என்னுடையதை டீச்சர் சுவரில் குத்திவைத்தார். கஸ்தூரியுடையது இரண்டாவது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை எதிலும் நான் முதல், அவள் இரண்டு. அவளுக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரியே தெரியவில்லை. எனக்குத்தான் அந்த வரிசை பழகிவிட்டது.

நான் கல்யாணமாகிக் கனடா வந்தேன். அவள் தாமோதரனைக் கட்டிக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் போனாள். தாமோதரன் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் முப்பது வருடம் டர்னராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒரு லேத்தைப் போட்டுக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறார். குவார்ட்டர்ஸில் 'என்ன பிலோமினா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி, அவரோடு இருந்து இருந்து 'இன்னாடி பிலோ' ஆகிவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது ஒரு வட்டக் கத்தியும், அடியில் போடுகிற பாயும், ஓர் அளவுகோலும் கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். கிளம்பும்போது நான்தான் குழுவை ஆரம்பித்து, நான்தான் பெயரும் வைத்தேன்.

முதல் வருடம் ராஜ்ஜியம் என்னுடையது. 'பிலோக்கா, மூலை ஒட்ட மாட்டேங்குது', 'பிலோக்கா, பஞ்சு எங்க வாங்கறது' என்று நாள் முழுக்க வரும். நானும் மார்ஜரியிடம் கேட்டதை என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிடுவேன். கஸ்தூரிதான் அதிகம் கேட்பாள். யூடியூபில் பார்க்கலாமே என்று யாரோ சொன்னதற்கு, 'யூடியூபு இன்னாத்துக்கு, அதான் பிலோ கீறாளே' என்று எழுதினாள். அந்த வரியை அன்று நாலு தடவை படித்தேன்.

அப்புறம் கூட்டம் பெருகியது. எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. வெட்டி மிஞ்சின துணியைக் கிலோக் கணக்கில் மூட்டையாகத் தள்ளிவிடுவார்கள். நான் இங்கே முழத்துணிக்கு மூன்று கடை ஏறி இறங்குகிறேன். அவர்கள் மாடியில் மூட்டையைக் கொட்டிவைத்து, நடுவில் உட்கார்ந்து கடலை பொறுக்குகிற மாதிரி நிறம் பொறுக்குகிறார்கள். பதினோரு பேர் வந்தாலும் கத்தி ஒன்றுதான், நான் கொடுத்தது. 'கட்டர் யார்கிட்ட கீது' என்று கூவினால் கை மாறி வந்து சேரும். யார் பெயரும் எதிலும் ஒட்டியிருக்காது. கீழே விழுந்த குண்டூசிகளை எடுக்க, கடைசியில் தாமோதரன் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய காந்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

4

போன வருடக் கடைசியில் கஸ்தூரி குழுவில் கேட்டாள்: மூன்று மடிப்பையும் சேர்த்துத் தைக்கும்போது மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டு வந்து சுருங்குகிறது, என்ன செய்வது?

இதற்கு ஒரு சாமான் உண்டு. தையல் மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற கால் இருக்கிறதல்லவா, அதற்குப் பதிலாக மாட்டுகிற ஒன்று. வாக்கிங் ஃபுட் என்பார்கள். அடியில் இருக்கிற பல் துணியை இழுக்கும்போது, இதுவும் மேலே ஒரு பல்லால் பிடித்து எட்டு வைத்து நடக்கும். மூன்று மடிப்பும் ஒன்றாகப் போகும். என் மிஷினில் ஆறு வருடமாக அதுதான் இருக்கிறது. கஸ்தூரியின் மிஷினுக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றை அந்த வாரமே வாங்கிவிட்டேன். ஜனவரியில் பூந்தமல்லியில் என் தங்கை மகன் கல்யாணம். என் மகள் ஷெரின் போகிறாள். அவளிடம் கொடுத்துவிட்டு கஸ்தூரியைத் திடுக்கிட வைக்கலாம் என்று திட்டம்.

அதனால் குழுவில், 'அதுக்குத் தனியா ஒண்ணும் இல்லடி, பழகப் பழகச் சரியாயிடும்' என்று எழுதினேன். அந்தப் பொய் அன்றைக்கு நல்ல பொய்.

ஷெரின் கிளம்புவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, நூலகத்தில் தூக்கிக் காட்டுகிற நாள். நான் ஐந்து மாதம் தைத்ததைக் கொண்டுபோயிருந்தேன். மரவீடு மாதிரியான கட்டம், புத்தகத்தில் இருக்கிற பழைய வடிவம், மூலைக்கு மூலை பிசகில்லை. எல்லோரும் 'லவ்லி' என்றார்கள். நான் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. 'ஊரில் என் மாணவி ஒருத்தி இருக்கிறாள்' என்று ஃபோனை எடுத்து, முந்தின நாள் கஸ்தூரி அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன்.

அவள் செம்பரம்பாக்கம் ஏரியைத் தைத்திருந்தாள். சட்டைத் துணியின் நீலக் கோடும் சாம்பல் கோடும்தான் தண்ணீர். கரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக மனைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் கொடி. இதற்கு மேல் எழுத மாட்டேன், எழுத எழுத அழகாகிவிடும்.

எட்டுப் பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். மார்ஜரி கண்ணாடியை மாற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். 'இது யார் சொல்லிக்கொடுத்த வடிவம்?' என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. 'அங்கங்கே சுருங்கியிருக்கிறது, அது ஒன்றும் பெரிதில்லை, உன் தோழியை ஒரு செவ்வாய் வீடியோவில் கூப்பிடேன்' என்றாள். ஏழு வருடமாக நான் தூக்கிக் காட்டுகிறேன். மார்ஜரி எனக்காகக் கண்ணாடி மாற்றியதே இல்லை. என் மரவீடு நாற்காலி முதுகில் கிடந்தது. யாரோ அதன்மேல் கோட்டைப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். ஷெரினின் பெட்டி கூடத்தில் திறந்து கிடந்தது. அதில் நான் வைத்திருந்த அட்டைப்பெட்டியை எடுத்து, தையல் மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன். சுருக்கமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். இதே வார்த்தைகளில்தான் நினைத்தேன்.

ஷெரின் பார்த்துக்கொண்டிருந்தாள். 'அது கஸ்தூரி ஆன்ட்டிக்குன்னு சொன்னியே?'

'வெயிட்டு கூடிப்போச்சு' என்றேன்.

'அது என்னம்மா வெயிட்டு இருக்கும்' என்றாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

5

ஷெரினுக்கு இருபத்து மூன்று வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேசுவாள், ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைக்கிற மாதிரி பேசுவாள். பத்து வயதிலிருந்து அவளைத் தையல் மேஜைக்கு இழுத்துப் பார்த்தேன். வரவே இல்லை. 'நீ சொல்லிக்கொடுத்தா தப்பைத்தான் மொதல்ல பாக்கறே' என்று ஒருமுறை சொன்னாள். தப்பைப் பார்க்காமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினேன்.

கல்யாணம் முடிந்து, மிச்சம் இருந்த இரண்டு வாரத்தையும் மாமல்லபுரம், புதுச்சேரி என்று சுற்றப்போவதாகத்தான் பேச்சு. மூன்றாவது நாள் குழுவில் ஒரு படம் வந்தது. கஸ்தூரி வீட்டு மாடி. மூட்டைத் துணி நடுவில் சம்மணம் போட்டு என் மகள். கையில் வட்டக் கத்தி. வாய் கொள்ளாத சிரிப்பு. அடியில் கஸ்தூரி எழுதியிருந்தாள்: 'பிலோ, உம் பொண்ணு கை சூப்பர்டி. உன் கையே தான்.'

என் கை என்றால் என்னிடம் ஏன் வரவில்லை?

அதற்கப்புறம் தினமும் ஒரு படம். ஷெரின் தைக்கிறாள். ஷெரின் அவர்களோடு தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஷெரின் தாமோதரனின் ஷெட்டில் லேத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். வீடியோவில் கூப்பிட்டால், பின்னால் யாராவது, 'யாரு, அம்மாவா, வைச்சுட்டு வா கண்ணு, பஜ்ஜி ஆறுது' என்பார்கள். அவளும் வைத்துவிடுவாள். ஒரு நாள் நான், 'தையல் நேரா வருதா?' என்று கேட்டேன். 'கோணலா கீதும்மா' என்றாள். 'ஆன்ட்டி சொன்னாங்க, ஏரிக்கரை என்னா ஸ்கேல் வச்சா போட்டுக்கீறாங்கன்னு.'

கீது என்கிறாள் என் மகள். எனக்கே அது வராது. குவார்ட்டர்ஸில் அப்படிப் பேசினால் அம்மா வாயில் போடுவாள். இருபத்தைந்து வருடம் ஊர் ஊர் என்று நான் உருகியது எல்லாம் ஒரு பக்கம். இரண்டு வாரத்தில் அந்த ஊர் என் மகளுடையதாகிவிட்டது, அதுவும் கஸ்தூரி வழியாக. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். காதில் புகை வந்தது.

6

திரும்பி வந்த ஷெரின், கோட்டைக் கழற்றும் முன்னாலேயே கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கட்டம்போட்ட சட்டைத் துணியில் சுற்றி நூல் கட்டியிருந்தது. 'சென்னை ஏர்போர்ட்டுல இதை எடுத்து வச்சுக்கிட்டு அரை மணி நேரம் விடல. இது இன்னான்னு கேட்டாங்க. தையல் மிஷினு காலு சார்னு சொன்னேன். இன்னொரு ஆபீசரைக் கூப்பிட்டு, அவரு வந்து பாத்து, அவங்க ஊட்டுல மிஷின் இருக்காம், அப்புறம் விட்டாங்க.'

பிரித்தேன். வாக்கிங் ஃபுட். கடையில் வாங்கியது இல்லை. உலோகம் பளபளப்பில்லாமல், அரத்தின் கோடு தெரிய இருந்தது. இரண்டு வரிசைப் பல், ஒரு ஸ்பிரிங், ஊசித் திருகில் மாட்டுகிற கொக்கி. கையில் எடுத்து அமுக்கினால் எட்டு வைத்தது.

ஷெரின் நடந்ததைச் சொன்னாள். கஸ்தூரி துணி மூட்டை எடுக்க எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்குப் போயிருக்கிறாள். பக்கத்துக் கொட்டகையில் தோள்பை தைக்கிறார்கள். தடியான பைத்துணி நாலு மடிப்பு சுருக்கமே இல்லாமல் போகிறது. உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். மிஷினின் கால் நடக்கிறது. வீட்டுக்கு ஓடி வந்து தாமோதரனை இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள்.

'அங்கிள் ஒரு நிமிஷம் பாத்தாரு. இன்னா பெரிய விசயம், ரெண்டு பல்லு ஒரு ஸ்பிரிங்கு, ஊட்டு மிஷினுக்குத் தோதா நான் பண்றேன்னாரு. நாலு தடவை பண்ணாரு. மூணு ஒடஞ்சிடுச்சு. நாலாவது ஓடிச்சு. மாடியில எல்லாரும் கைத்தட்டுனாங்க.'

'இது எத்தனாவது?' என்று கேட்டேன்.

'இதான் அந்த நாலாவது. ஒண்ணுதான் கீது.' கொஞ்சம் நிறுத்தினாள். 'ஆன்ட்டி உனக்குக் குடுத்துவிட்டாங்க. பிலோவுக்கு இப்டி ஒண்ணு இருக்கறதே தெரியாது, தெரிஞ்சா எங்கிட்ட சொல்லாம இருப்பாளா, பாவம், இத்தினி வருசமா கையாலயே இழுத்துப் புடிச்சுத் தைச்சுக்கினு கீறா, அவளுக்கு மொதல்ல போவட்டும், எனக்கு அடுத்தது பண்ணிக்கலாம்னாங்க.'

என் மிஷின் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆறு வருடமாக மாட்டியிருக்கிற கால் அதிலேயே இருந்தது. இழுப்பறையில், பிரிக்காத பெட்டியில் இன்னொன்று. நான் எதையும் பார்க்காமல் துணியை மடித்தேன்.

'நான் ஒண்ணும் சொல்லலம்மா' என்றாள் ஷெரின். சொல்லிவிட்டு மேலே போனாள். அவள் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்காக அந்த மாடியில் அத்தனை பேர் நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்பது படி ஏறுகிற அவள் முதுகைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த தையல் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

மறுநாள் தாமோதரன் செய்த காலை மாட்டி ஒரு துண்டு தைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சத்தம் போட்டது. சுருக்கம் இல்லை. என்னுடைய கடைச் சாமான் மூலை திரும்பும்போது ஒரு திணறு திணறும், இது திணறவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். என் வீட்டுக்காரர் மின்விளக்கு மாற்றுவதற்கு ஆள் கூப்பிடுகிறவர்.

அன்று மாலையே, அங்கே காலை, கஸ்தூரி வீடியோவில் வந்தாள். தாமோதரன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். 'இன்னா தங்கச்சி, குளிரு எப்டி கீது? பொருந்துச்சா?'

'பொருந்துச்சுண்ணா.'

'பல்லு துணியக் கடிக்கலையே?'

'இல்லண்ணா.'

'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்று கஸ்தூரியிடம் சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனார். கஸ்தூரி முகத்தை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். 'ஏண்டி, இது இல்லாம அந்த மரவீட்டை எப்டித்தான் தைச்சே நீ? ஒரு சுருக்கம் இல்ல. உங்கிட்ட ஏதோ கை இருக்குடி. எனக்கெல்லாம் மிஷினே நடந்தாத்தான் உண்டு.'

அப்போது சொல்லியிருக்கலாம். இடம் இருந்தது. 'பழக்கம்தான்' என்றேன்.

7

அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் குழுவின் பிறந்தநாள். கடைசி ஆளாக வாழ்த்தை அனுப்பிவிட்டு, இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்தேன். எதற்குக் கிளம்புகிறேன் என்று ஷெரினிடம் சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்ததும் கார் சாவியை எடுத்துக்கொண்டு அவளே வந்து வண்டியில் உட்கார்ந்தாள்.

தபால் அலுவலகத்தில் வெளிநாட்டுப் பார்சலுக்கு ஒரு படிவம். எனக்குப் படிவங்கள் பழக்கம். உள்ளே என்ன, எடை என்ன, என்ன காரணமாக அனுப்புகிறீர்கள். காரணத்துக்கு நாலு கட்டம்: அன்பளிப்பு, விற்பனை, திருப்பி அனுப்பும் பொருள், மற்றவை. மற்றவை என்றால் விளக்கம் எழுத ஒரு கோடு.

பேனா அன்பளிப்புக்கு மேலேயே நின்றது. வாங்கின அன்று அது அன்பளிப்புதான். இப்போது அப்படி எழுதினால், குழுவில் சொன்னது போதாதென்று அரசாங்கத் தாளிலும் ஒரு பொய். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் எட்டிப் பார்த்து, 'கிஃப்ட்தானே?' என்று உதவி செய்தாள். ஷெரின் என்னையே பார்த்தாள். நான் மற்றவை என்பதில் டிக் போட்டுவிட்டு, விளக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். பின்னால் வரிசை நீண்டது. படிவத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

அந்த ஒரு கோட்டில் எழுத முடியாததைத்தான் இங்கே இவ்வளவு எழுதியிருக்கிறேன். ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று எழுதி முடித்ததும் ஷெரினுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, 'நல்லா கீது. ஊருக்கெல்லாம் சொல்றே. அவங்களுக்கு எப்போ சொல்லுவே?' என்றாள்.

தப்பை முதலில் பார்க்கிற குணம் அவளுக்கும் இருக்கிறது. இதை அச்செடுத்து மடித்துப் பெட்டியோடு சேர்த்துக் கட்டினேன். படிவத்தில் 'மற்றவை: தாமதமான பொருள்' என்று எழுதினேன். கஸ்தூரி படித்துவிட்டுப் போடலாம் என்றால் மட்டும்தான் பத்திரிகைக்கு என்று அடியில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

8

பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தபால்காரர்களின் இணையதளம் சொன்னது. கஸ்தூரி ஒன்றும் சொல்லவில்லை. குழுவில் மற்றவர்களுக்கெல்லாம் பதில் எழுதினாள். ஐயப்பன்தாங்கல் பெண் ஒருத்தி போட்ட கோணல் போர்வைக்குக் கூட 'செம்ம' என்று எழுதினாள். நான் போட்ட படத்தைத் தாண்டிப் போனாள். எட்டு நாள். இந்த வயதில், ஒருத்தி பேசவில்லை என்று சாப்பாடு இறங்காமல் இருப்பேன் என்று நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கும் போகவில்லை.

ஒன்பதாவது நாள் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் லேத் ஓடுகிற சத்தம். அவள் குரல் தணிந்திருந்தது.

'படிச்சேன். ரெண்டு நாளு அந்தப் பெட்டியப் பாக்கவே புடிக்கல. மச்சுல தூக்கிப் போட்டுட்டேன். ஆறாங்கிளாசுல இருந்து நீ மொதல்ல வந்தப்போல்லாம் நான்தான் டீச்சருகிட்ட குண்டூசி எடுத்துக் குடுத்தேன், உன் கர்ச்சீப்பச் செவுத்துல குத்தறதுக்கு. ஒனக்கு அது தெரியுமா? தெரியாது. நீ செவுத்தத்தான் பாத்துக்கினு இருந்தே. சரி, வுடு. இப்போ மாட்டிக்கினேன். நல்லா ஓடுது. ஆனா ஊட்டுக்காரர்கிட்ட எஸ்டேட்டுல வாங்கினேன்னு கூடச் சொல்லல, ஒண்ணுமே சொல்லல, அவரு இல்லாதப்போ மாட்டித் தைக்கறேன். ஊட்டு மிஷினுக்கு இத்த உலகத்துலயே மொதல்ல தாந்தான் கண்டுபுடிச்சேன்னு நெனச்சுக்கினு கீறாரு. ஆன்லைன்ல கெடைக்குதுக்கான்னு பட்டாபிராம் பொண்ணு வாயத் தொறந்தா, பஜ்ஜிய வாயில வெச்சு அடச்சிட்டேன். அவரு பத்திரிகைலாம் படிக்க மாட்டாரு. நீ போட்டுக்கோ.'

கொஞ்ச நேரம் லேத் மட்டும் ஓடியது. நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

'ஒரே ஒரு கொறை. என் ஏரியப் பத்தி ரெண்டு வரி எழுதிட்டு நிறுத்திட்டியே. இன்னும் கொஞ்சம் எழுதேன்டி.'

ஷெரினைக் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டினேன். சிரித்தாள். இழுப்பறைச் சம்பவத்துக்கு அப்புறம் என்னைப் பார்த்து அவள் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன், மூக்கைத் துடைத்துக்கொண்டேன், உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடி படித்தேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். கைக்குட்டைக்குக் குண்டூசி எடுத்துக் கொடுத்தவள் யார் என்பதை இந்தக் கடைசிப் பகுதியில் சேர்த்தேன்.

ஏரியைப் பற்றி ஒரு வரி கூடச் சேர்க்கவில்லை.